அம்மா ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?

இந்தப் பகுதியில் தோழிகள் பலர் காசிக்குப் போனது, குற்றாலத்துக்குப் போனது, சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போனது என்று எழுதுகிறார்கள். பார்த்த இடங்களைப் பற்றி அழகாக எழுதுகிறார்கள். நான் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எந்த இடத்தையும் ஒழுங்காகப் பார்க்காத நாள் அது. 2024 மே 22. நாங்கள் குடும்பத்தோடு இலங்கைக்குப் போன முதல் நாள்.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா பிறந்தது நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், 1964-ல். அதே வருஷம் அக்டோபர் 30-ந் தேதிதான் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் அந்த நாட்டுப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் போட்டார்கள். தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேர் விஷயத்தைப் பிறகு பார்ப்பது என்று முடிவு. அந்த மீதிப் பேரையும் 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொண்டார்கள். எங்கள் தாத்தா குடும்பம் இந்தியாவுக்கு என்ற பட்டியலில் வந்தது. 1974-ல், பத்து வயதில், அம்மா நானுஓயாவில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, தாத்தாவுடைய முன்னோர் ஊர் என்று சொன்ன திண்டுக்கல் பக்கம் வந்து சேர்ந்தார்.

இன்றைக்கும் அம்மா ரொட்டியைப் 'பாண்' என்றுதான் சொல்வார். சின்ன வயதில் தெருப் பிள்ளைகள் 'பாண்காரி' என்று கேலி செய்வார்களாம். பிறந்த ஊரைப் பற்றி அதிகம் பேச மாட்டார். மழை பெய்தால் மட்டும், "எங்க ஊர் மழைக்கு இதெல்லாம் தூறல்" என்பார். அவ்வளவுதான்.

போன வருஷம் எனக்கு ஏலச்சீட்டுப் பணம் கைக்கு வந்தது. வளையல் வாங்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம், அம்மாவுக்கு அறுபது ஆகிவிட்டது, சர்க்கரை வேறு, இப்போது கூட்டிப் போகாவிட்டால் எப்போது என்று தோன்றியது. என் கணவரிடம் சொன்னேன். தயங்காமல் "போவோம்" என்றார். பாதிச் செலவு அவருடையது. அதை எப்போதும் மறக்க மாட்டேன். ஆனால் பயணத் திட்டம் முழுக்க அவர் போட்டது. அங்கேதான் தப்பு. அதைப் பார்த்துவிட்டும் வாயைத் திறக்காமல் இருந்தது என் தப்பு.

மேற்கு ரத வீதியில் இரும்புக் கடை வைத்திருப்பவர் அவர். எதையும் எடை போட்டுப் பார்த்தே பழக்கம். "கட்டுநாயக்க ஏர்போர்ட்டில் இருந்து நுவரெலியா சுமார் 170 கிலோமீட்டர். நாம சென்னைக்கு 400 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்துல போறோம். இது என்ன பிரமாதம்? மூணு மணி நேரம். வழியில யானைகளைப் பார்க்கிறோம், பேராதனைப் பூங்காவைப் பார்க்கிறோம், கண்டி தலதா மாளிகையைப் பார்க்கிறோம், சாயந்தரம் நுவரெலியா. கண்டியில ஒரு ராத்திரி தங்குற காசு மிச்சம்!"

திண்டுக்கல்லில் இருந்து கொடைக்கானல் நூறு கிலோமீட்டர் கூட இல்லை. அதற்கே மூன்று மணி நேரம் ஆகிறது, பாதிப் பேர் வாந்தி எடுக்கிறார்கள். இது எனக்கு அப்போதே ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் முறுக்கு சுடுவதில் மும்முரமாக இருந்தேன்.

விமானம் மதுரையில் இருந்து காலையில். இரண்டு மணிக்கே எழுந்து இட்லி ஊற்றி, புளிசாதம் கிளறி, பிள்ளைகளை எழுப்பி, அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, ஐந்து மணிக்குக் காரில் ஏறினோம். வாடிப்பட்டி தாண்டும்போது எனக்கு ஒரு சந்தேகம்... பின்கதவைப் பூட்டினேனா? பூட்டுக்குப் பேர் போன ஊர்க்காரிக்கு வரக்கூடாத சந்தேகம்! பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்து பார்க்கச் சொன்ன பிறகுதான் மனசு அடங்கியது. விமான நிலையத்தில் கைப்பையில் வைத்திருந்த ஊறுகாய் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டார்கள். எண்ணெய், ஊறுகாய் எல்லாம் பெரிய பெட்டியில்தான் போட வேண்டுமாம். தெரிந்துகொள்ளுங்கள் தோழிகளே!

விமானம் ஏறி உட்கார்ந்து, பிள்ளைகள் ஜன்னலுக்குச் சண்டை போட்டு முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு மணி நேரம்தான். அம்மா ரயிலும் கப்பலும் முகாமுமாக நாள் கணக்கில் வந்த தூரம் அது. கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரை ரூபாய்க்கு மேல் கொடுத்தார்கள். என் மகன் ஒரே நிமிஷத்தில் பணக்காரனாகிவிட்டான்.

குடியேற்ற அதிகாரி அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பிறந்த இடம் என்ற வரியைப் பார்த்ததும் நிமிர்ந்து சிங்களத்தில் ஏதோ கேட்டார். அம்மா இரண்டு வார்த்தை பதில் சொன்னார்! எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் அம்மா வாயில் அந்த மொழியை நான் கேட்டதே இல்லை. "என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஊர் எதுன்னு கேட்டாரு, சொன்னேன்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று நினைத்தேன்.

சிம் வாங்கி, பணம் மாற்றி, வேனில் ஏறும்போது மணி ஒன்று ஆகிவிட்டது. டிரைவர் மலையகத் தமிழ்த் தம்பி. நம் திட்டத்தைக் கேட்டுவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார். "அண்ணே, நாளைக்கு வெசாக். ரோடெல்லாம் சனம். நிக்காமப் போனாலே அஞ்சாறு மணி நேரம். இன்னைக்குக் கண்டியோட நிப்பாட்டிக்குவமா?" என்னவர் சிரித்தார். "ரூம் போட்டாச்சு தம்பி, போலாம்."

ஊருக்குள்ளேயே போகும் ரோடு. இந்தப் பக்கம் கடை, அந்தப் பக்கம் வீடு, நடுவில் பஸ், ஆட்டோ, சைக்கிள். நம் நாலு வழிச் சாலையை மனதில் வைத்துப் போட்ட கணக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே பொய்யாகிவிட்டது. வீட்டு வாசல்களில் காகிதத்தில் செய்த வெசாக் கூடு கட்டிக்கொண்டிருந்தார்கள், நம் கார்த்திகைக்கு விளக்கு வைப்பது மாதிரி. மகள் மட்டும் அதை எண்ணிக்கொண்டு வந்தாள். யானைகளைப் பார்க்கும் திட்டம் கேகாலையிலேயே ரத்து.

மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், பலாக்காய்க் கறி. நல்ல ருசி. அம்மா மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாலு வாய்தான் சாப்பிட்டார். "போதும்த்தா, பசிக்கல" என்றார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். உதட்டை நனைத்துவிட்டுக் கொடுத்துவிட்டார். வெயிலில் வந்தவர் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும் இல்லையா? மகன் கை கழுவப் போய்ச் சட்டையை நனைத்துக்கொண்டு வந்தான். அவனைத் திட்டுவதில் அது போய்விட்டது.

கடுகண்ணாவையில் மலை ஏற்றம் தொடங்குகிறது. இரண்டாவது வளைவில் மகன் வாந்தி. அம்மாதான் மடியில் போட்டுத் தடவிக்கொண்டு வந்தார். பேராதனையில் இருந்து நேரே கம்பளை ரோட்டில் திரும்பிவிடலாம் என்றார் டிரைவர் தம்பி. "இவ்வளவு தூரம் வந்துட்டுக் கண்டியைப் பார்க்காமப் போறதா?" என்றார் என்னவர். விளைவு, கண்டிக்குள் நுழைந்து வெளியே வர ஒன்றரை மணி நேரம். தலதா மாளிகையை வேன் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ஏரியைச் சுற்றி ஒரே கூட்டம். இறங்க இடமே இல்லை. பேராதனைப் பூங்கா 1821-ல் தொடங்கியது, பார்க்க ஒரு நாள் வேண்டும் என்கிறார்கள். நாங்கள் பார்த்தது அதன் மதில் சுவரை.

கம்பளை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. புஸ்ஸல்லாவையில் இருந்து இரண்டு பக்கமும் தேயிலை. காலையில் கடற்கரை வெக்கையில் வியர்த்தவர்களுக்கு இப்போது குளிரில் பல் அடித்தது. ஸ்வெட்டர் எல்லாம் வேன் மேலே கட்டிய பெட்டியில்! எனக்கு இடுப்பு விட்டுப் போயிற்று. யாரும் பேசவில்லை. டிரைவர் தம்பி மட்டும் ஒன்று சொன்னார். அந்தக் காலத்தில் நம் ஊர்களில் இருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தார்களாம். காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே செத்தவர்கள் கணக்கில்லை. அவர்கள் வரத் தொடங்கி இருநூறு வருஷம் ஆனதை நினைத்து, 2023-ல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை ஜனங்கள் நடைபயணம் போனார்கள் என்றார். வேனில் உட்கார்ந்துகொண்டு இடுப்பு வலி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அம்மாவிடம், "தேயிலையைப் பாருங்கம்மா" என்று திரும்பினேன். பதில் இல்லை. தூக்கமோ என்று கையைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. அந்தக் குளிரிலும் நெற்றி முழுக்க வியர்வை. "அம்மா... அம்மா..." என்று உலுக்கினேன். கண்ணைத் திறந்து ஏதோ சொன்னார். நாக்குக் குழறியது. நான் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டன.

றம்பொடை ஏற்றத்தில் ஒரு சின்னத் தேநீர்க் கடை முன்னால் டிரைவர் தம்பி வேனை நிறுத்தினார். கடையில் இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். எட்டிப் பார்த்ததுமே, "சீனி வருத்தமா? எங்க வீட்டு ஆளுக்கும் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஒரு தம்ளரில் சீனியை அள்ளிப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கிக் கொண்டுவந்தார். அம்மாவுக்கு நினைவு இருந்ததால் மெல்ல மெல்லக் குடிக்க முடிந்தது. கால் மணி நேரம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான கால் மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. இன்னொரு தம்ளர் கொடுத்தோம். வியர்வை நின்றது. அம்மா என்னைப் பார்த்து, "புள்ளைக ஏன்டி அழுகுதுக?" என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

அந்தக் கடைக்கார அம்மா அடுத்துச் செய்த காரியம்தான் பெரிது. ஆண்களை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, "அக்கா, மொதல்ல உள்ள வாங்க" என்று அம்மாவைக் கைத்தாங்கலாகத் தன் வீட்டுக் கழிப்பறைக்கு அழைத்துப் போனார். காலையில் விமான நிலையத்தில் போனதுதான். அதன் பிறகு ஏழு மணி நேரம் ஆகியிருந்தது!

திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு கேட்டேன். "ஏம்மா வண்டியை நிறுத்தச் சொல்லல?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "மாப்ள முன்னாடி எத்தன தடவ நிறுத்தச் சொல்றது? அவரே நேரமாச்சு நேரமாச்சுன்னு வாராரு. அதான் தண்ணியே குடிக்கல. சோறும் கம்மியாத் தின்னேன்."

என்னவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்து, "அத்தை, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். "உங்ககிட்ட எப்படிப்பா..." என்றார் அம்மா. அவர் மேற்கொண்டு பேசவில்லை. நானும் பேசவில்லை. பதினாலு வருஷமாக மாமியாரைத் தாய் மாதிரி நடத்துகிறவர்தான் அவர். அவர் கோபக்காரரும் இல்லை. ஆனாலும் ஒரு பெண்ணுக்கு, அறுபது வயதிலும், ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று மருமகனிடம் சொல்ல வாய் வரவில்லை. நிறுத்தச் சொல்ல வேண்டியவள் நான். அம்மா கேட்க மாட்டார் என்று எனக்குத்தானே தெரியும்?

நுவரெலியா இன்னும் ஒரு மணி நேரம் என்றார்கள். "வேண்டாம். இன்னைக்கு இங்கேதான்" என்றேன். கல்யாணமான நாளில் இருந்து, பயணத்தில் நான் எடுத்த முதல் முடிவு அது. பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் அறை எடுத்தோம். நுவரெலியாவில் கட்டிய பணம் போனது போனதுதான். ஒரு ராத்திரி வாடகையை மிச்சம் பிடிக்கப் போய், ஒரே ராத்திரிக்கு இரண்டு வாடகை! கடைக்கார அம்மா ரொட்டியும் பருப்பும் கொடுத்தனுப்பினார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. "எங்க ஆளுகளும் மதுரைப் பக்கம் இருந்து வந்தவங்கதான்னு சொல்லுவாக" என்றார்.

மறுநாள் பத்து மணி வரை தூங்கினோம். அப்புறம்தான் அம்மாவின் தோட்டத்துக்குப் போனோம். லயம் இருந்தது. தகரம் மட்டும் மாறியிருந்தது என்றார் அம்மா. தெரிந்தவர்கள் யாரும் இல்லை. குழாயடி அதே இடத்தில் இருந்தது. அங்கே நின்ற ஒரு சின்னப் பெண்ணிடம் சொம்பை வாங்கி, அம்மா ஒரே மூச்சில் தண்ணீர் குடித்தார். நான் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றேன்.

மீதி நான்கு நாளும் திட்டத்தை நான்தான் போட்டேன். பத்தாவது படித்தவள் போட்ட திட்டம்தான், ஆனால் யாருக்கும் தலைவலி கூட வரவில்லை. பயணம் போகும் தோழிகளுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்:

வெளிநாடோ உள்நாடோ, முதல் நாளில் தூரம் போகாதீர்கள். விடியற்காலையில் எழுந்தது, விமானம், வரிசையில் நின்றது என்று பாதித் தெம்பு அதிலேயே போய்விடும். இறங்கிய ஊருக்குப் பக்கத்திலேயே முதல் ராத்திரி தங்குங்கள்.

மலைப் பாதையைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள், மணியில் போடுங்கள். அந்த ஊர் டிரைவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, யாரும் கேட்காமலே வண்டியை நிறுத்துங்கள். "யாருக்காவது போகணுமா?" என்று கேட்காதீர்கள். வயதானவர்கள் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். நீங்கள் இறங்கி, "வாங்க, நான் போறேன்" என்று கூப்பிடுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. கைப்பையில் குளுக்கோஸ் அல்லது சீனிப் பொட்டலம் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம், குழறல் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சீனி கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும், தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும் என்று ஊருக்கு வந்ததும் டாக்டர் சொன்னார். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். ஸ்வெட்டர், மாத்திரை, மாற்றுச் சட்டை மூன்றும் கைக்கு எட்டும் பையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. திரும்பி வந்த நாள் மதுரை விமான நிலையத்தில் இருந்து திண்டுக்கல்லுக்கு வருகிறோம். ஒரு மணி நேர வழிதான். கொடை ரோடு பக்கம் என்னவர் காரை ஓரம் கட்டச் சொன்னார். "எனக்குக் கால் மரத்துப் போச்சு. எல்லாரும் இறங்கி ஒரு டீ சாப்பிடலாம். அந்தக் கடையில பாத்ரூம் சுத்தமா இருக்கும்" என்றார். அவருக்குக் கால் மரக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். "ஆமா மாப்ள, எனக்கும் ஒரு டீ சொல்லுங்க, சீனி இல்லாம" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக இறங்கினார்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்